‘இதுவரை’ என்றால் எதுவரை?

மீன்பிடித் தடைக்காலம் ஆண்டுதோறும் ஒரு சின்னக் குழப்பத்தோடுதான் பிறக்கிறது. ‘ஏப்ரல் 14 நள்ளிரவு முதல்’ என்று செய்தி வரும். ராமேசுவரம் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும். பன்னிரண்டு அடித்ததும் தேதி மாறிவிடும். அப்படியானால் அந்த நள்ளிரவு 14ஆம் தேதியின் தலையா, வாலா? விடிந்தால்தான் அடுத்த நாள் என்று பழகியவர்களுக்கு இந்தச் சந்தேகம் இயல்பு. ஆணையில் இருப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, இரு நாளும் உட்பட. ஏப்ரலில் 16, மே மாதம் 31, ஜூனில் 14. ஆக 61 நாள். விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2001இல் தமிழகத்தில் இந்தத் தடை வந்தபோது 45 நாள். 2017 முதல் 61. கரோனா ஆண்டான 2020இல் மத்திய அரசு அதை 47 ஆகக் குறைத்தது. மீன்கள் சினைப்பிடிப்பது இந்த மாதங்களில்தானா என்ற வாதம் கரையில் இன்றும் ஓயவில்லை. ஆனால், என்றைக்குக் கடலுக்குப் போகும் டோக்கன் வாங்கலாம், என்றைக்குப் படகை எடுக்கலாம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

மீனவர்களுக்கு அரசு தரும் நிவாரணத்திலும் இந்தக் காலக் கணக்கு உண்டு. ஒன்று தடைக்கால நிவாரணம். மற்றொன்று மீன்பிடி குறைவு கால நிவாரணம். தமிழில் இரண்டும் ‘காலம்’. ஆங்கிலத்தில் முன்னது ‘பீரியட்’, பின்னது ‘சீசன்’. பீரியடுக்கு இரு பக்கமும் வேலி உண்டு. தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் தெரியும். சீசனுக்கு வேலி கிடையாது. காற்று திரும்பினால் வரும், நீரோட்டம் மாறினால் போகும். கரையில் இருப்பவர்கள் ‘தடை’ என்றும் ‘இறால் சீசன்’ என்றும் பிரித்துத்தான் பேசுகிறார்கள். கோப்புத் தமிழ்தான் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது.

தேதி கையில் இருக்கும்வரை இந்தச் சோம்பலால் பெரிய நட்டமில்லை. எல்லை தெரியாத காலச் சொல் ஒன்று, இரு நாட்டு ஒப்பந்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டால்? ராமேசுவரத்துக்கு 1974 ஜூனில் அதுதான் நடந்தது.

இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தம் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டது. அதன் ஆங்கில வாசகத்தில் கடந்த காலத்தைச் சுட்டும் சொற்கள் மூன்று. தலைப்பிலேயே ‘ஹிஸ்டாரிக்’ வருகிறது. எல்லை பிரிக்கப்படும் கடலுக்கு வரலாற்று நீர்ப்பரப்பு என்று பெயர். ஐந்தாம் பிரிவில் ‘ஹிதர்டூ’. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் இதுவரை போலவே தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது. ஆறாம் பிரிவில் ‘டிரடிஷனலி’. இரு நாட்டுக் கலங்களும் மரபாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றுக்கும் ‘முன்பிருந்தே’ என்று பொருள் சொல்லிவிடலாம். நடைமுறையில் மூன்றும் மூன்று திசைக்கு இழுத்தன. ‘வரலாறு’ என்ற சொல்லை வைத்து அரசுகள் கடலுக்கு உரிமை கொண்டாடின. ‘மரபு’ என்ற சொல்லில் மீனவர் தம் தாத்தா காலத்தைப் பார்த்தார். ‘இதுவரை’ என்ற சொல்லோ, அதுவரை என்னென்ன நடந்தது என்று ஒரு பட்டியல்கூடப் போடவில்லை. வலை காயவைத்தது, இளைப்பாறியது, அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போனது ஆகியவைதான் அதில் அடக்கம், மீன்பிடிப்பு சேராது என்று பின்னாளில் இந்திய அரசே விளக்கம் சொன்னது. தீவைச் சுற்றி மீன்பிடித்ததும் அந்த ‘இதுவரை’யில் உண்டுதானே என்பது கரையில் இருப்பவர்களின் கேள்வி.

அந்தக் கேள்வி முடியுமுன்பே கதவு மூடியது. 1976 மார்ச்சில் இரு வெளியுறவுச் செயலர்களும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாட்டுக் கடலில் மறுநாட்டு மீனவர் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்றாயிற்று. அப்போது தமிழகத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி. கேள்வி கேட்கச் சட்டமன்றமும் இல்லை.

அதே மார்ச் ஏற்பாட்டில், குமரி முனைக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடிப் பரப்பு பற்றியும் எழுதினார்கள். அங்கே வாசகம் கறாரானது: இலங்கைக் கலங்கள் மூன்று ஆண்டு மீன்பிடிக்கலாம், ஆறு கலங்களுக்கு மேல் கூடாது, ஆண்டுக்கு 2,000 டன்னைத் தாண்டக் கூடாது. வாட்ஜ் பேங்க்குக்கு ஆண்டும் டன்னும் போட்டு எழுதத் தெரிந்த கைகளுக்குக் கச்சத்தீவுக்கு மட்டும் ‘இதுவரை’ போதுமென்று தோன்றியிருக்கிறது.

இதில் எதிர்க்கரையின் நியாயமும் உண்டு. மரபு என்றால் எந்த ஆண்டின் மரபு? பாய்மர வள்ளத்தின் மரபா, 1960களுக்குப் பிறகு பெருகிய இழுவைப் படகின் மரபா? உள்நாட்டுப் போரில் கடலை இழந்து மீண்டுவந்த யாழ்ப்பாண, மன்னார் மீனவர்கள் கேட்பது இதைத்தான். இலங்கை 2017இல் இழுவைமடியைத் தடைசெய்தபோது அந்தக் கேள்விக்குச் சட்ட வலு வந்தது. ஒப்பந்தம் ஓர் ஆண்டையோ, ஒரு வகைக் கலத்தையோ குறித்திருந்தால் வாதாட ஒரு தரையாவது கிடைத்திருக்கும்.

எல்லை தாண்டியதாக இலங்கையிடம் பிடிபட்டவர்களின் வீடுகளில் இந்தச் சொல் சிக்கல் வேறு உருவில் வருகிறது. இலங்கையில் நீதிமன்றக் காவலுக்குப் பெயர் ‘விளக்கமறியல்’. ராமேசுவரத்தில் மறியல் என்றால் சாலையில் உட்காருவது. பிறகு தீர்ப்பு: ‘ஆறு மாதச் சிறை, ஐந்து ஆண்டுகளுக்கு ஒத்திவைப்பு’. வழக்கு ஒத்திவைப்பு, கூட்டம் ஒத்திவைப்பு என்று படித்துப் பழகியவருக்கு ஐந்து ஆண்டு கழித்துச் சிறை என்றுதான் கேட்கும். உண்மையில், அந்த ஐந்து ஆண்டுக்குள் மறுபடி சிக்கினால் ஆறு மாதமும் உள்ளே. 2024 பிப்ரவரியில் இரண்டாம் முறை பிடிபட்டவருக்கும் படகு ஓட்டியவர்களுக்கும் சிறை என்று தீர்ப்பு வந்தபோது, ராமேசுவரம் மீனவர்கள் அந்த ஆண்டுக் கச்சத்தீவுத் திருவிழாவையே புறக்கணித்தார்கள்.

2016 முதல் இந்திய, இலங்கை மீன்வளக் கூட்டுப் பணிக்குழு ஒன்று இருக்கிறது. டெல்லியும் கொழும்பும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளட்டும். ஆனால், பாம்பன், மண்டபம், தலைமன்னார், யாழ்ப்பாணம் என எல்லாக் கரையிலும் மீனவர் மொழி தமிழ்தான். இனி எந்த ஏற்பாடு வந்தாலும் அதன் தமிழ் வரைவு கையெழுத்துக்கு முன்பே இரு கரைச் சங்கங்களின் கைக்கும் போக வேண்டும். ‘மரபு’, ‘இதுவரை’, ‘தற்காலிகம்’, ‘படிப்படியாக’ என்று வரும் இடமெல்லாம் எந்த நாள் முதல், எந்த நாள் வரை, எந்த வகைப் படகு என்று நிரப்பிக் கேட்க வேண்டும். 61 நாளை நாள் பிசகாமல் எழுதத் தெரிந்த அரசுக்கு இது புதிய வேலையும் இல்லை.