நம் முகமும் ஆற்றின் முகமும்

மாஞ்சோலை மலையில் பெய்யும் மழை மணிமுத்தாறாய் இறங்கித் தாமிரபரணியில் கலக்கிறது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்தார்க்கு அதுவே குடிநீர். நாம் முகம் கழுவிய நுரையும் சாக்கடை வழியே அந்த ஆற்றைத்தான் தேடிப் போகிறது. பாபநாசத்தில் ஆற்றங்கரையருகே சோப்பு, ஷாம்பு விற்பதற்கு 2025-இல் சென்னை உயர்நீதிமன்றமே தடை விதிக்க நேர்ந்தது நமக்குத் தலைகுனிவு அன்றோ?

ஷாம்பு பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் உலோகத்தாளும் பிரிக்க முடியாமல் ஒட்டியிருக்கின்றன; அதை மறுசுழற்சி செய்வது கடினம். சில முகப்பசைகளில் கரகரக்கும் மணிகளும் பிளாஸ்டிக்கே. அவை மீனின் வயிறு வரை செல்லும்.

'இயற்கை' என்று அச்சிட்ட புதுப்புட்டியை வாங்குவது தீர்வாகாது. குறைவாக வாங்குவதே தீர்வு என்பது எங்கள் கருத்து. கையில் இருப்பதை எறியாமல் தீர்ப்போம். பின்னர் முகத்துக்குப் பாசிப்பயற்று மாவு, தலைக்குச் சீயக்காய், உடம்பு தேய்க்கப் பீர்க்கங்காய் நார் போதுமே! அவற்றையும் ஆற்றில் கரைக்காமல் வீட்டில் வாளி நீரில் பயன்படுத்தி, அந்நீரை வாழைக்கு விடுவோம்.

"ஒரு பாக்கெட்டால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்கலாம். சிறு துளிதானே பெருவெள்ளம்! நம் முகம் பளபளக்க ஆற்றின் முகம் கறுக்கலாமா? சிந்திப்போம், தோழியரே!