ஊசிய சட்டினியும் ஊமையான சொற்களும்

காலையில் அரைத்த தேங்காய்ச் சட்டினி எத்தனை நேரம் தாங்கும்? இவ்வெளிய வினாவை நம் பள்ளி மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். “குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் எத்தனை நாளும் தாங்கும்” என்று தயங்காமல் கூறுவோர் பலர். சமையற்கட்டுச் செய்திக்கு இலக்கியத் தொகுப்பில் என்ன வேலை என்று முகம் சுளிப்போரும் உண்டு. உயிரைக் காக்கும் அறிவு மொழிக்குப் புறம்பானது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பொழுது புலருமுன் பிரட்டுக்குச் சென்று, பால்மரக் காட்டில் பசியாறிய நம் முன்னோர்க்குக் குளிர்பதனப் பெட்டி ஏது? பல தோட்டங்களில் மின்னாக்கிப் பொறி மாலையில் சில மணி நேரம் ஓடி அடங்கிவிடும். ஆயினும், எதனை வீட்டிலேயே உண்டு முடிக்க வேண்டும், எதனைக் காட்டுக்குக் கொண்டு செல்லலாம் என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தனர். தேங்காய்ச் சட்டினி அடுப்படியோடு முடிந்தது. தூக்குச் சட்டியில் சென்றவை புளியும் உப்பும் மிளகாயும் கூட்டி நீர்விடாது அரைத்த துவையலும், ஊறுகாயும், கருவாடுமே.

அத்தெளிவு சொற்களிலும் இருந்தது. சட்டினி ஊசும், மாவு புளிக்கும், பால் திரியும், ஊறுகாய் பூசணம் பூக்கும், எண்ணெய் காறும், அப்பளம் நமுக்கும். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு மாற்றத்தைக் குறிக்கிறது. புளித்த மாவை உண்ணலாம். ஊசிய சட்டினியை உண்ணலாகாது. இந்த வேறுபாட்டை ஒரு சொல்லே குழந்தைக்குக் கற்பித்தது. இன்றோ, நம் பிள்ளைகள் இவை அனைத்தையும் “கெட்டுப் போச்சு” என்றோ, மலாய்மொழியிலிருந்து எடுத்த “பாசி” என்றோ ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். மலாய்ச்சொல்லின் மேல் குற்றமில்லை; இருந்த சொற்களைக் கைவிட்ட நம் மேலேயே குற்றம்.

சட்டினியின் ஆயுளை அதில் கலந்துள்ள பொருள்களே அறுதியிடுகின்றன. நுண்ணுயிர் பெருக நீரும் சத்தும் வெம்மையும் வேண்டும். பச்சைத் தேங்காயில் நீரும் சத்தும் நிறைந்துள்ளன. புளிப்போ மிகக் குறைவு. வெம்மையை நம் நாடே தருகிறது. 5 முதல் 60 பாகை செல்சியசு வரை நுண்ணுயிர்க்கு வாழ்வு. ஏற்ற சூழலில் சிலவகை 20 நிமிடத்திற்கு ஒருமுறை இருமடங்காகும். காலை 6 மணிக்குக் கட்டிய சட்டினியில் உள்ள ஒரு நுண்ணுயிர், 10 மணி இடைவேளைக்குள் 4,096 ஆகக்கூடும். இதைவிட நல்ல கணக்குப் பாடம் வேண்டுமோ?

“பெட்டியில் வைத்துவிட்டோமே” என்பர் ஒரு சாரார். குளிர் நுண்ணுயிரைக் கொல்வதில்லை. அதன் வேகத்தைத் தணிக்கிறது, அவ்வளவே. லிஸ்தீரியா என்னும் கிருமி அக்குளிரிலும் வளரும். மேலும், நண்பகல் வரை மேசைமேல் கிடந்த சட்டினியை மாலையில் பெட்டிக்குள் வைப்பதால் இழந்த காலம் மீளாது.

“முகர்ந்து பார்த்தோம், சூடும் செய்தோம்” என்பர் மற்றொரு சாரார். நம் தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ், தேங்காய் துருவும் கைவழியே உணவில் சேரும். அது உமிழும் நஞ்சுக்கு மணமில்லை. கொதிக்க வைத்தாலும் அது எளிதில் அழியாது. சாவகத்தில் தேங்காய்ப் பிண்ணாக்கைக் கொண்டு செய்த ‘தெம்பே பொங்க்ரெக்’ என்னும் உணவு பல உயிர்களைக் குடித்தது. அதன் நஞ்சும் நாவுக்கோ மூக்குக்கோ புலப்படாதது. இந்தோனேசிய அரசு 1988இல் அவ்வுணவைத் தடை செய்தது. சட்டினியில் அதே நஞ்சு தோன்றும் என்று அச்சுறுத்த இதனைக் கூறவில்லை. மூக்கு மட்டுமே நீதிபதியாகாது என்பதற்கே கூறினேன்.

“பாட்டி காலத்தில் யாருக்கு என்ன ஆயிற்று?” என்று மார்தட்டுவோர்க்கும் ஒரு சொல். முன்னோர் அறிவு போற்றத்தக்கது. ஆனால் ஆராயாமல் போற்றுவது அறிவன்று. எண்ணெய் மிதந்தால் எதுவும் கெடாது என்னும் நம்பிக்கை தவறானது. புளிப்பில்லாத பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைத்தால், காற்றில்லா இடத்தில் வளரும் கொடிய நச்சுக் கிருமிக்கு அதுவே குடிலாகும்.

ஆகவே, வகுப்பறையில் சொல்ல வேண்டியவை இவை. தேங்காய்ச் சட்டினியைக் கொதித்தாறிய நீர்விட்டு, தூய கையால் அரைக்க வேண்டும். வெளியே 2 மணி நேரத்திற்குமேல் வைத்தல் கூடாது. எஞ்சுவதை முன்னரே பிரித்து, மூடிய கலத்தில் உடனே குளிரில் வைத்து, மறுநாளைக்குள் முடிக்க வேண்டும். எண்ணெயில் நன்கு வதக்கிய தக்காளிச் சட்டினி குளிரில் மூன்று நான்கு நாள் தாங்கும். புளியும் உப்பும் மிகுந்து, நீர் வற்றச் சுண்டிய தொக்கு அதனினும் நெடுநாள் தாங்கும். ஈரக்கரண்டி எதனையும் கெடுக்கும். ஐயம் எழுந்தால் கொட்டிவிடுவதே சிக்கனம். மருத்துவச் செலவைவிடத் தேங்காய் மலிவு.

ஆசிரியப் பெருமக்களே! 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டுமெனத் திட்டம் வந்தது. 2009இல் அதனைக் கைவிட அரசு முடிவெடுத்தது. 2016இல் இருமொழிப் பாடத் திட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் “தமிழில் அறிவியல் முடியும்” என்று மேடையில் முழங்கினோம். முழங்கியது போதும். ஊசுதலுக்கும் புளித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாத மாணவனிடம் தமிழில் அறிவியல் உண்டென்று சொன்னால் அவன் எப்படி நம்புவான்? நீலாயிலும் லாபுவிலும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின; லயங்கள் மறைந்தன; அம்மியும் போயிற்று. அவற்றை நாம் மீட்க இயலாது. சொற்களை மீட்க இயலும். அதற்கு ஒரு கரும்பலகையும், ஒரு தேங்காய் மூடியும், மனமுள்ள ஓர் ஆசிரியரும் போதும்.