எஃப்.எம். மாடுலேட்டர்: ஒயரை இழுங்க சாமி!

வண்டி பழசு. ஆக்ஸ் கிடையாது, புளூடூத் கிடையாது. ஆனா கம்பெனியோட வந்த ஸ்டீரியோ மட்டும் இன்னும் கிண்ணுன்னு பாடுது. செல்போன்ல இருக்கற பாட்டை அதுல எப்படிக் கேக்கறது? யாரைக் கேட்டாலும் சிகரெட் லைட்டர்ல சொருகற எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைத்தான் கை காட்டுவாங்க. என்னைக் கேட்டா, வேணாம்னுதான் சொல்வேன்.

காரணம் ரொம்ப சிம்பிள். ஒரே அலைவரிசையில ரெண்டு எஃப்.எம். சிக்னல் வந்தா வலுத்தது மட்டும்தான் கேக்கும். நம்ம குட்டி டிரான்ஸ்மிட்டரோட பவர் ரொம்பக் கம்மி. 2006-ல பிரிட்டன்ல இதை அனுமதிச்சப்போ வெச்ச வரம்பே 50 நானோவாட்தான்! வானொலி நிலையமோ கிலோவாட் கணக்குல அடிக்கும். சென்னையில 91.1, 92.7, 93.5, 98.3, 106.4-னு ஏகப்பட்ட கூட்டம். நடுவுல காலி இடம் தேடி செட் பண்ணி ஊருக்குக் கிளம்பினா, வழியில இன்னொரு ஊர் ஸ்டேஷன் வந்து அதே இடத்துல உக்காந்துக்கும். கை பட்டனைத் தேடும், கண்ணு ரோட்டை விட்டுரும். 100 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு வண்டி 28 மீட்டர் போகுதுங்க. ஒரு பாட்டுக்காக இது தேவையா?

ஒயர் வெச்ச மாடுலேட்டர்ல இந்தத் தொல்லை இல்ல. ஸ்டீரியோவை வெளிய எடுத்து, பின்னாடி இருக்கற ஆன்டெனா பிளக்கை உருவி மாடுலேட்டர்ல சொருகணும். மாடுலேட்டர் பிளக்கை ஸ்டீரியோவுல சொருகணும். சிவப்பு ஒயரை சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற லைன்ல, ஃபியூஸோட குடுங்க. நேரா பேட்டரியில குடுத்தா, நிறுத்தி வெச்ச வண்டியிலயும் கரண்டை உறிஞ்சிட்டே இருக்கும். கறுப்பு, பாடியில எர்த். ஆன் பண்ணினதும் வெளி ஆன்டெனாவைத் துண்டிச்சு விடற மாடலா பாத்து வாங்குங்க. அப்புறம் எந்த ஊர் ஸ்டேஷனும் கிட்ட வராது, அலைவரிசையையும் மாத்தவே வேணாம்.

போனைச் சார்ஜ்ல போட்டுட்டுக் கேக்கும்போது, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்ய்'னு சத்தம் ஏறுதா? அனேகமா அது எர்த் லூப். நடுவுல ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போட்டா பெரும்பாலும் அடங்கிடும். போன் வால்யூமையும் முழுசா வெக்காதீங்க, சத்தம் பிளந்துக்கும்.

"இவ்ளோ வேலைக்குப் புது ஸ்டீரியோவே வாங்கிடலாமே?"ன்னு கேக்கறீங்களா? துல்லியம்தான் முக்கியம்னா தாராளமா வாங்குங்க. எஃப்.எம். வழியா வர்ற ஒலி 15 கிலோஹெர்ட்ஸோட நின்னுடும். ஆனா ஓடற வண்டியில, அந்த இரைச்சலுக்கு நடுவுல, எத்தனை பேருக்கு அந்த வித்தியாசம் தெரியும்? நல்லா இருக்கற பொட்டியைக் குப்பையில போடறதுக்கு அரை நாள் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கறது எவ்வளவோ மேல்.