பழைய காரை வைப்பதா, உடைப்பதா?

வீட்டில் பழைய கார் ஒன்று இருந்தால், ஓயாத வழக்கு ஒன்றும் இருக்கும். "காயலான் கடைக்குப் போடுங்கள்" என்பான் மகன். "இடமாவது மிச்சமாகும்" என்பாள் மனைவி. "ஓடுகிற வரை ஓடட்டும்" என்பார், அதை ஆசையாக வாங்கியவர்.

இந்த வழக்கில் இப்போது சர்க்காரும் வந்து சேர்ந்திருக்கிறது.

கட்டணம் ஏறிய கதை

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு, வண்டியைச் சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இதற்குக் கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் 1-ந்தேதி அது 5 ஆயிரம் ரூபாய் ஆயிற்று. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10 ஆயிரம் ரூபாய் என்று உயர்த்தப்பட்டது.

தொகையைக் கேட்டதும் பலர் மிரண்டு போனார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 ஆண்டுக்கு 10 ஆயிரம் என்றால், மாதத்துக்குச் சுமார் 167 ரூபாய். கார் வைத்திருப்பவரை இது சாய்த்துவிடாது. கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது சரியல்ல. பார்க்க வேண்டியவை வேறு.

வாசலுக்கு வந்த பஸ்

ஊரப்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய இந்த ஊரில் வீடு கட்டிக் குடிவந்தவர்களுக்கு, ஒரு காலத்தில் கார் பெரிய துணை. அகாலத்தில் வெளியூரிலிருந்து வருகிறவர்களை அழைத்து வரவும், ஆஸ்பத்திரிக்கு ஓடவும் அது உதவியது.

2023 டிசம்பர் 30-ந்தேதி, பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தென் மாவட்ட பஸ்கள் அங்கிருந்தே புறப்படுகின்றன. மின்சார ரெயில் முன்பே உண்டு. ஆகவே, வீட்டுக் காருக்கு வேலை குறைந்துவிட்டது.

வேலை குறைந்த காருக்கு இரண்டு கதிகள்தான். ஒன்று, அருமையாகத் துடைத்துப் பராமரிக்கப்படும். அல்லது, உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

பக்கத்து ஊரில் பிறந்தது

பழைய காரின் அருமையை அறிய, ஊரப்பாக்கத்தார் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் அங்கே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' தயாராயிற்று. 1972-ல் 'கெஸல்' வந்தது. 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய கார் வந்தது. அது எடுபடவில்லை. 1980-களின் இறுதியில் உற்பத்தியே நின்றது. அந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கட்டடங்கள் நிற்கின்றன.

தொழிற்சாலை மறைந்தது. ஆனால் ஹெரால்டு கார்கள் முற்றிலும் மறையவில்லை. காரணம், அதன் அமைப்பு. அடிச்சட்டம் தனி, மேல்கூடு தனி. முன்மூடியை அப்படியே முன்பக்கம் சாய்த்தால், எஞ்சின் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். கார்புரேட்டரில் கோளாறா? தெருமுனை மெக்கானிக் ஸ்பேனரும் ஸ்குரு டிரைவரும் கொண்டு கழற்றிச் சுத்தம் செய்துவிடுவார். இன்றைய காரில் கம்ப்யூட்டர் பெட்டி கெட்டால், பெரும்பாலும் பெட்டியையே மாற்ற வேண்டும்.

மாருதி 800 2014 ஜனவரியில் நின்றது. அம்பாசடர் அதே ஆண்டு மே மாதம் நின்றது. இவற்றுக்குப் பாகம் தேடுகிறவர்கள் சென்னை புதுப்பேட்டைக்குப் போகிறார்கள்.

மறுபக்கம்

பழையது எல்லாம் பொன் அல்ல. பழைய எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. 2000-ம் ஆண்டு பிப்ரவரியோடு அந்தப் பெட்ரோல் நாடு முழுவதும் நின்றுவிட்டது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே மைலேஜ் குறையும். பழைய ரப்பர் குழாய்களையும் அது கெடுக்கும், மாற்றிக்கொள்வது நல்லது.

புகையும் அதிகம். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில், புதுப் பெட்ரோல் கார்களுக்குப் புகை வடிக்கும் கருவி கட்டாயமானது 1995-ல்தான். டிரைவருக்குக் காற்றுப் பையும், சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019-ல். பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போகிறவர், இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

15-க்கும் 50-க்கும் நடுவே

சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 50 ஆண்டு கடந்து, அசல் உருவம் மாறாத வண்டிக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்தது. அது 'பழம்பெரும் வண்டி' என்ற மரியாதை பெறுகிறது. புதிதாகப் பதிந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்துடன் எண் கிடைக்கும். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் போகலாம். தினசரி ஓட்டக் கூடாது.

ஹெரால்டு இந்த மரியாதைக்கு உரிய வயதை எட்டிவிட்டது. 25 வயது மாருதிக்கு என்ன மரியாதை? அது புதியதும் அல்ல, புராதனமும் அல்ல. 15-க்கும் 50-க்கும் நடுவே அதைக் காப்பாற்றுவது, உரியவரின் கையிலும் பையிலும்தான் இருக்கிறது. நடுவயதில் எல்லாவற்றையும் உடைத்துவிட்டால், 50 வயதை எட்ட எது மிஞ்சும்?

வயதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரிதானா என்ற கேள்வி டெல்லியில் எழுந்தது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் அங்கு விதித்த தடையை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே கோர்ட்டு, வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு 'பாரத் ஸ்டேஜ் 4' தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே என்று சுருக்கியது. வயதோடு தரத்தையும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள். தமிழ்நாட்டில் சொந்தக் கார்களுக்கு அப்படிப்பட்ட வயதுத் தடை இல்லை.

மூன்று கேள்விகள்

முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அடிச்சட்டம் உறுதியாக இருக்கிறதா? 2015 டிசம்பர் வெள்ளம் சூழ்ந்த முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற இடங்களில் நின்ற கார் என்றால், அடியில் துரு ஒளிந்திருக்கலாம். தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். பாகமும், கைதேர்ந்த மெக்கானிக்கும் கிடைக்கிறார்களா? மாதம் எத்தனை மைல் ஓடுகிறது? தினமும் நெடுந்தூரம் ஓட வேண்டும் என்றால் புதுக் காரே மேல். சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22-ந்தேதி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வாரம் ஒரு நாள் கோவிலுக்குப் போகும் காரால் ஊருக்குப் பெரும் புகை இல்லை.

உடைப்பதானால், சர்க்கார் பதிவு பெற்ற நிலையத்தில் கொடுக்க வேண்டும். புதுக் காரின் விலையில் 4 முதல் 6 சதவீதம் கிடைக்கலாம் என்பது 2021-ல் அறிவித்த திட்டம். அங்கே கொடுக்கும் சான்றிதழைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவை ரத்துச் செய்யாமல் காயலான் கடையில் தள்ளினால், அந்த நம்பரில் நடக்கும் குற்றம் பழைய சொந்தக்காரர் வாசலுக்கு வரலாம்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கார் யானை அல்ல. ஓடினால்தான் அதற்கு மதிப்பு. ஆசை உள்ளவர்கள் அதை ஓடும்படி வைத்திருக்கட்டும். இயலாதவர்கள் முறைப்படி வழியனுப்பட்டும். மழையிலும் வெயிலிலும் நிறுத்தி மக்கவிடுவது அன்பு ஆகாது.