கொல்லிப்பாவையும் கதை காண்போர் வழக்கும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து செல்வோர், செம்மேட்டில் நிற்கும் வல்வில் ஓரியின் சிலையையும், அறப்பளீசுவரர் கோயிலையும், ஆகாயகங்கை அருவியையும் கண்டு மீள்வர். தமிழ் பயில்வார்க்கோ அம்மலை என்றவுடன் முன்னிற்பது கொல்லிப்பாவையே. குறுந்தொகையின் 100-ஆம் செய்யுளில் கபிலர் தலைவிக்கு அப்பாவையை உவமை கூறினார். காற்று மோதினும், இடி வீழினும், நிலமே நடுங்கினும் அதன் எழில் கெடாது என்கின்றது நற்றிணையின் 201-ஆம் செய்யுள். பிற்கால வழக்கோ அப்பாவைக்கு ஒரு கொடுந்தொழிலையும் கற்பித்தது: அது நகைத்து அழைக்கும், அணுகினாரைக் கொல்லும். மலைமேலுள்ள எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவையெனக் கொண்டு வழிபடுவார் இன்றும் உளர்.

நகை காட்டி அழைத்து, அருகில் வந்தபின் உயிரைக் கவரும் பாவை ஒன்று இக்காலக் கதையுலகிலும் உண்டு. மாணவர் பலர் அதன் பொருட்டு வழக்கிடுகின்றனர் ஆதலின், அதனைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

'சூப்பர்நேச்சுரல்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2005-இல் தொடங்கி, 15 பருவங்களும் 327 பகுதிகளுமாய் நடந்து, 2020-இல் முற்றுப்பெற்றது. பேயையும் பூதத்தையும் வேட்டையாடும் சாம், டீன் என்னும் உடன்பிறந்தார் இருவர் கதை அது. 2008-இல் டீனை நரகினின்று மீட்டவனாகக் காஸ்டியேல் என்னும் வானதூதன் அக்கதையுட் புகுந்தான். அவ்விருவரிடை நிகழ்ந்த நோக்கும் சொல்லும் நட்பின்பாலனவா, காதலின்பாலனவா என்று அன்று எழுந்த வழக்கு இன்றளவும் ஓய்ந்திலது. கதைமாந்தர் இருவரை இவ்வாறு இணைத்துக் காண விழைதலை இரசிகர் 'ஷிப்பிங்' என்பர். 1993-இல் தொடங்கிய 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரின் இரசிகர், உறவைக் குறிக்கும் 'ரிலேஷன்ஷிப்' என்னும் சொல்லின் வாலை அறுத்து ஆக்கிக்கொண்ட பெயர் அது. யாம் அதனை இணைகூட்டல் என்போம்.

பன்னிரண்டு ஆண்டுகள் கதை நடத்தியோர் குறிப்புக் காட்டியே காலங்கழித்தனர். முடிவில், 2020 நவம்பர் 5 அன்று வெளிவந்த பகுதியில், காஸ்டியேல் டீனை நோக்கித் தன் அன்பை வாய்திறந்து உரைத்தான். உரைத்த அப்பொழுதே வெறுமை என்னும் இருள் அவனை விழுங்கிற்று. டீன் ஒரு விடையும் கூறினானல்லன். எஞ்சிய இரண்டு பகுதிகளிலும் அவ்விடை வந்திலது. பின்னர், இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்கான ஸ்பானியக் குரல்மாற்றத்தில், டீனும் அவ்வன்பைத் திருப்பிக் கூறியதுபோல ஒரு சொற்றொடர் அமைந்ததாக, உலகெங்கும் பேராரவாரம் எழுந்தது. ஏட்டுச்சுவடியில் ஒரு பாடபேதங் கண்டு புலவர் மகிழ்வதை அறிந்தார்க்கு அவ்வாரவாரம் நகைப்பிற்கு இடமாகாது. ஒரு சொல்லுக்காகப் பன்னிரண்டாண்டு பசித்திருந்தோர் அவர்.

இனி, இவ்வழக்கில் எழும் தடைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

'ஆசிரியர் கூறாததைக் காண்போர் கூட்டியுரைத்தல் முறையன்று' என்பது முதல் தடை. இதனைத் தமிழ் மாணவர் கூறுதல் சாலாது. அகப்பாட்டில் யார் யார்க்கு உரைத்தார் என்பதைச் செய்யுள் பெரும்பாலும் வெளிப்படக் கூறுவதில்லை. தொகுத்தோரும் உரைகாரருமே துறை வகுத்து, இது தலைவி கூற்று, இது தோழி கூற்று எனக் குறித்துச் சென்றனர். ஒரே செய்யுளுக்கு இருவேறு கூற்று உரைத்த இடங்களும் பல. சொல்லாது விட்டதை உய்த்துணர்தல் நம்மவர்க்குப் படிப்பின் ஓர் உறுப்பேயாம். ஆகலின் இணைகூட்டுவாரை அறியாரென்று இகழ்தல் தகாது.

இரண்டாந் தடை வலியுடையது. 'இருவர் அன்பு கொண்டாராயின் உடனே அதனைக் காதல் என்றல், நட்பின் மாண்பை அழிப்பதாகாதோ?' என்பர். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நட்டனர். சோழன் வடக்கிருந்தகாலை ஆந்தையார் வந்து உடன் உயிர்நீத்தார். திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகரும் உணர்ச்சியால் ஆகும் நட்பிற்கு அவ்விருவரையே காட்டினார். திருமறையில் தாவீதும் யோனத்தானும் கொண்ட அன்பும் இத்தகைத்தே என நாம் பயின்றுள்ளோம். இப்பெரு நட்புக்களைக் காதலென்றே சாதிப்பார் கூற்றை யாம் ஏலோம். நட்பு காதலின் குறைவடிவு அன்று. அது தனக்கெனத் தலைமை உடையது. எனினும், ஈண்டு ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. புறநானூறு சோழனையும் ஆந்தையாரையும் நட்டோரென்றே வெளிப்படக் கூறிற்று. பிறிதொன்றைக் குறிப்பாற் காட்டி மறைத்திலது. காஸ்டியேலைப் படைத்தோரோ காதற்குரிய மெய்ப்பாடுகளைக் காட்டிக் காண்போரை அழைத்தனர். வினவியகாலை நட்பே என விலகினர். நட்பின் பெயரைத் திரையாகப் பிடித்தவர் அவரே. நட்பிற்கு இழுக்கு நேர்ந்ததாயின் அஃது அவரால் நேர்ந்தது.

'குறிப்பாற் கூறுதல் கவியழகு அன்றோ? பெயர் கூறாமை நம் அகத்திணை மரபன்றோ?' என்பது மூன்றாந் தடை. ஆம், தொல்காப்பியர் அகத்திணையிற் காதலர் பெயர் கூறப்படலாகாது என்று விதித்தார். ஆனால் அவ்விதி எல்லாக் காதலர்க்கும் ஒப்ப நின்றது. அது பெயரை மறைத்ததேயன்றிக் காதலை மறைத்திலது. அவ்வமெரிக்கத் தொடரிலோ, ஆணும் பெண்ணும் கொண்ட காதல் வெளிப்படப் பேசப்பட்டது. முத்தமும் பிரிவும் மறைவின்றிக் காட்டப்பட்டன. அத்தலைமாந்தர் இருவரிடை வருங்கால் மட்டும் குறிப்பு என்னும் அடக்கம் வந்து நின்றது. எல்லார்க்கும் பொதுவாகிய மௌனம் மரபாகும். ஒரு சாரார்க்கே உரித்தாக்கிய மௌனம் ஓரவஞ்சனையாகும். இவ்வழக்கில் யாம் கொண்ட முடிபு இதுவே.

அம்மௌனம் உடைந்தபோதும் வந்தது யாது? சாவே. அத்தொடரிலேயே பெண்ணை விரும்பும் பெண்ணாக வெளிப்படக் காட்டப்பட்ட சார்லி என்பாளும் 2015-இல் கொல்லப்பட்டாள். நம் நாட்டிற்கும் இது புதிதன்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில், சித்திரைத் திங்களிற் கூத்தாண்டவராகிய அரவானைத் திருநங்கையர் மணந்து தாலி பூணுகின்றனர். களப்பலியாகும் முன் அரவான் மணம் வேண்ட, கண்ணனே மோகினி வடிவில் வந்து மணந்தான் என்னும் கதையைத் தமதாக்கிக்கொண்டோர் அவர். மறுநாளே தாலி அறுத்து வெள்ளுடை உடுத்து அழுகின்றனர். பெருங்கதையில் இடம் பெறாதார் அதன் ஓரத்தில் ஓர் இடம் கண்டுகொண்டனர். அவ்விடத்திலும் வாழ்வு ஓரிரவே ஆயிற்று.

'கதைதானே, இதற்கு இத்துணை வழக்கு எற்றுக்கு?' என்பார்க்கு ஒன்று கூறுவோம். ஒருவரையொருவர் விரும்பிய இளம்பெண்டிர் இருவர் மதுரையினின்று சென்னைக்கு ஓடிவந்து, உயர்நீதிமன்றத்தைப் பாதுகாப்பு வேண்டினர். அவ்வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்பொருள்பற்றித் தமக்குத் தெளிவில்லை என்று வெளிப்படக் கூறி, உளநூல் வல்லார்பால் அமர்ந்து கற்றபின்னரே 2021 சூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். அத்தகையோரை மருத்துவத்தால் மாற்ற முயலுதலையும் அவ்வாணை தடுத்தது. தன்பாலார் உறவு குற்றமன்று என உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே தீர்ப்பளித்திருந்தும், வீட்டினின்று ஓடவேண்டிய நிலை அவ்விருவர்க்கு நீங்கிற்றில்லை. சட்டம் மாறினும் வீடு மாறாமைக்கு ஒரு காரணம், பெற்றோர் தாம் அறிந்த கதைகளில் அத்தகையோர் மனைவாழ்க்கை நடத்தக் கண்டதில்லை என்பதாம். நகைத்தற்கும் இறத்தற்குமே வரக் கண்டனர். எம்மோடு ஒரே விடுதியில் உண்டு உறங்கி, ஒரே வகுப்பில் நன்னூல் பயில்வாருள்ளும் அத்தகையார் இருத்தல் கூடும். கதை காட்டும் முடிவையே தம் முடிவென அவர் கொள்வாராயின், அதற்கு யாவர் விடை கூறுவர்?

ஆகவே, கதை காண்போர்க்கு யாம் வேண்டுவது: உய்த்துணர்க, ஆயினும் நட்பென்று வெளிப்படக் கூறிய இடத்தில் நட்பை நட்பாகவே மதிக்க. வேடந்தாங்கிய நடிகரின் சொந்த வாழ்வில் நுழைந்து இணைகூட்டுதலை ஒழிக்க, அவர் கதைமாந்தரல்லர். கதை புனைவார்க்கு வேண்டுவது: கூறக் கருதின் கூறுக, கருதாவிடின் அழையற்க. கொல்லிப்பாவையின் நகை குன்றின்மேலே இருக்கட்டும்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா செய்தார். ஆண்மை திரிந்த பெயரும் தெய்வப் பெயரும் தமக்கெனத் தனி ஈறு உடையனவல்ல என்றும், உயர்திணைக்குரிய ஈறுகளையே கொண்டு இசைக்கும் என்றும் அவ்விரண்டனையும் ஒருங்கே வைத்து ஓதினார். அவர் அவர்களை உயர்திணையினின்று நீக்கினாரில்லை. இலக்கணத்துள் ஈறாவது சொல்லின் முடிவு. அங்கு அளித்த இடத்தைக் கதையின் முடிவிலும் அளிக்கத் தமிழ் எழுதுவார் இனியேனும் துணிவாராக. உயர்திணையார் யாவர்க்கும் உரிய முடிவு, வாழ்ந்து மூத்து முடியும் முடிவேயாம்.