கூலியோடு வரும் கட்டிங், வயிற்றில் இருக்கும் பிள்ளை

பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் செங்கம் சாலையில் நின்று பாருங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க எச்சில் தட்டும் தண்ணீர் பாட்டிலும்தான். ரமணாசிரமம் பகுதியில் தங்கியிருக்கிறவர்கள் தியானம் முடிந்து டீ குடிக்க வருவதற்குள் சாலை சுத்தமாகிவிடும். சுத்தம் செய்கிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி ஒரு காலையில் டீக்கடை ஓரம் ஓர் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். ராத்திரி வேலை என்றால் கூலியோடு ஒரு கட்டிங்கும் கிடைக்கும் என்றார். "அது உள்ள போனா நாத்தம் தெரியாது தம்பி, இடுப்பு வலியும் தெரியாது." கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "சின்னவன் வயித்துல இருக்கும்போதும் குடிச்சேன். வேணாம்னு ஒருத்தரும் சொல்லலையே."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தத்தில் கலக்கிறது. அதை முறிக்கும் அளவுக்குக் குழந்தையின் கல்லீரல் வளர்ந்திருக்காது. முகம் உருவாகும் முதல் சில வாரங்களில் என்றால் பாதிப்பு முகத்தில் தெரியும்: சிறுத்த கண், மெலிந்த மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பள்ளம் இல்லாத வழவழப்பு. மூளை கர்ப்பகாலம் முழுவதும் வளர்வதால் எந்த மாதமும் ஆபத்துதான். பாதிக்கப்பட்ட பல பிள்ளைகளின் முகத்தில் ஒன்றுமே தெரியாது. படித்தது மறந்துபோகும், கவனம் நிற்காது, கணக்கு வராது, கோபம் அடங்காது. 1968இல் பிரான்சில் பால் லெமுவான் இதை எழுதினார். 1973இல் அமெரிக்க மருத்துவர்கள் ஜோன்ஸும் ஸ்மித்தும் இதற்குப் பெயர் வைத்தார்கள். கர்ப்பகாலத்தில் இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை. பீரானாலும் பிராந்தியானாலும் கள்ளானாலும் ஒன்றுதான். வந்தபின் மாற்ற மருந்து கிடையாது. வராமல் முழுக்கத் தடுக்க முடியும்.

அப்படி ஒரு பிள்ளை நம் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் போனால் என்ன நடக்கும்? "இதுங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது" என்பார்கள். வேலை கொடுத்த காயத்தைப் பிறப்பின் குணம் என்று எழுதிவிடும் சாதி. அதற்காகப் பின்தங்கும் பிள்ளை ஒவ்வொன்றையும் நாமே இந்தக் கணக்கில் சேர்த்துவிடவும் கூடாது. பசி, ரத்தசோகை, வகுப்பறையில் நடக்கும் பாகுபாடு என்று காரணங்கள் பல உண்டு. எது என்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதைப் பேசாதே என்று சொல்லும் தோழர்களை எனக்குத் தெரியும். நம் பெண்களைக் குடிகாரிகள் என்று ஏசுகிறவர்களுக்கு நாமே வாய்ப்புக் கொடுப்பதா என்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் குடிக்கும் ஆண்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் வாசலில் நின்று, மாமியார் காதில் விழ, "நீ குடிப்பியா?" என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? எண்ணிக்கை சிறியது என்பதால் அந்த அக்காவின் பிள்ளை இல்லாமல் போய்விடுவதில்லை.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். கேப் டவுனைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியாக, ஒரு நாளைக்குப் பல வேளை ஒயின் ஊற்றிக் கொடுத்தார்கள். அதற்கு 'டொப்' முறை என்று பெயர். அடிமைகள் காலத்திலிருந்து வந்த பழக்கம். டச்சுக் கம்பெனி அங்கே கொண்டுபோய் விற்ற அடிமைகளில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களும் உண்டு. 1960களில் சட்டம் தடுத்தும் 1990கள் வரை அந்த முறை சாகவில்லை. வெலிங்டன் என்ற ஊரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்து 2000இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கு 40 பிள்ளைகளுக்கு மேல் இந்தப் பாதிப்பின் முழு வடிவம் இருந்தது. உலக சராசரி ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை. அந்தத் தாய்மார்கள் ஏழைகள், சரியான சாப்பாடு இல்லாமல் மெலிந்தவர்கள். பசித்த உடம்பில் மதுவின் அடி இன்னும் பலமாக விழுகிறது.

நம்மிடம் தோட்டம் இல்லை. பிணக்குழி வெட்டவும், சாவுக்குப் பறை அடிக்கவும், சாக்கடையில் இறங்கவும் சாராயம் கொடுத்து அனுப்பும் ஊர் இருக்கிறது. குடிக்காமல் செய்ய முடியாத வேலையை நம் தலையில் கட்டிவிட்டு, பிறகு குடிகாரர்கள் என்று பெயரும் வைத்தார்கள். இதில் அந்த அக்காவைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வராது.

கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். கூலியைப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது 1936ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. கட்டிங் கொடுக்கும் மேஸ்திரியையும் ஒப்பந்தக்காரரையும் அந்த விதியின் முன் நிறுத்த வேண்டும். மதுபாட்டிலில் 2019 முதல் கட்டாயமாக்கப்பட்ட மத்திய எச்சரிக்கை வாசகம் உடல்நலத்தையும் வண்டி ஓட்டுவதையும் பேசுகிறது. கர்ப்பிணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அமெரிக்கப் பாட்டிலில் அது 1989லேயே வந்துவிட்டது. தீபத் திருவிழாவுக்கு இந்த ஊரில் கடையை மூடத் தெரிந்த அரசுக்கு ஒரு வரி அச்சடிக்கத் தெரியாதா?

மாணவர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் செவிலியர் இந்தக் கேள்வியைத் தனியாக, திட்டாமல் கேட்க வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனு கொடுங்கள். நம் தெருப் பெண்களிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போனால் அன்றே குடியைத் தள்ளி வையுங்கள். ஏற்கெனவே குடித்திருந்தாலும் இன்று நிறுத்தினால் பிள்ளைக்கு நல்லது. தினமும் நிறையக் குடிக்கிறவர்கள் திடீரென்று தாமாக நிறுத்தாமல் அரசு மருத்துவமனைக்குப் போய் மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.

மதுவிலக்குக் கூட்டங்களில் பத்து வருஷமாகப் பேசி வருகிறேன். பேசியதெல்லாம் ஆண்களைப் பார்த்து. அக்கா சொன்ன "ஒருத்தரும்" என்ற சொல்லில் நானும் இருக்கிறேன்.

ஜெய்பீம்.