கௌரவம் இருக்கட்டும், ஊதியம் எங்கே?

தில்லியில் 2022 ஜனவரி இறுதியில் அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முதல்வரின் இல்லத்துக்கு அருகே கடுங்குளிரில் தொடங்கிய அந்தப் போராட்டம் ஒரு மாதத்தைத் தாண்டியும் ஓயவில்லை. மார்ச் 9-ம் தேதி துணைநிலை ஆளுநரிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், அதாவது "எஸ்மா", பிறப்பிக்கப்பட்டது. ஆறு மாதங்களுக்கு வேலைநிறுத்தத்துக்குத் தடை. போராட்டம் கைவிடப்பட்ட பின்னர் நூற்றுக்கணக்கான பெண்களுக்குப் பணிநீக்க நோட்டீஸ் அனுப்பப்பட்டது.

அரசின் பதிவேடுகளில் இந்தப் பெண்கள் ஊழியர்களே அல்லர் என்பதுதான் இதில் வேடிக்கை. அவர்கள் "கௌரவப் பணியாளர்கள்". அவர்கள் பெறுவது சம்பளமும் அல்ல, மதிப்பூதியம். அங்கன்வாடிப் பணியாளர்களை நிரந்தரமாக்கும் திட்டம் உண்டா, குறைந்தபட்ச ஊதியம் உண்டா என்று நாடாளுமன்றத்தில் எந்த உறுப்பினர் கேட்டாலும், எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், அமைச்சர் தரும் பதிலின் சாரம் மாறுவதில்லை: இவர்கள் உள்ளூர் மக்களிடையேயிருந்து தாமாக முன்வந்து, பகுதிநேரமாகக் குழந்தை நலப் பணி ஆற்றுபவர்கள். தாமாக முன்வந்து தொண்டு செய்கிறவர் நாளை முதல் வர இயலாது என்றால் நன்றி கூறி வழியனுப்பலாம். அவர்மீது எஸ்மாவை ஏவ முடியுமா?

தில்லி மட்டும் விதிவிலக்கு அல்ல. ஆந்திரத்தில் 2024 ஜனவரியில் போராடிக்கொண்டிருந்த அங்கன்வாடிப் பணியாளர்கள் மீதும் இதே சட்டம் பாய்ந்தது. தொழிலாளர் நலன் பேசும் இடதுசாரிகள் ஆண்ட கேரளத்தில், ஆஷா பணியாளர்கள் 2025 பிப்ரவரி 10 முதல் திருவனந்தபுரம் தலைமைச் செயலக வாசலில் எட்டு மாதங்களுக்கும் மேலாக அமர்ந்திருந்தனர். அவர்கள் கேட்டது மாதம் ரூ.21,000. கிடைத்தது ரூ.1,000 உயர்வு. இந்த ஒரு விஷயத்தில் நம் கட்சிகளுக்கிடையே நிலவும் ஒற்றுமை வேறெதிலும் காணக் கிடைக்காதது.

பணியிடத்தில் பாலினப் பாகுபாடு என்றதும் மேலதிகாரியின் தகாத பேச்சு, மறுக்கப்பட்ட பதவி உயர்வு, மகப்பேறு விடுப்பு கேட்டால் முகம் சுளிக்கும் நிர்வாகம் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. அவையெல்லாம் உண்மையே. அத்தகைய பாகுபாட்டை அரசும் வெளிப்படையாகவே கடைப்பிடித்திருக்கிறது. வெளியுறவுப் பணியில் சேர்ந்த பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ள எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரை ராஜிநாமா செய்யச் சொல்லலாம் என்று விதியே இருந்தது. அப்பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா தொடுத்த வழக்கில், 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதியைக் கடுமையாகச் சாடினார். முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணின் வேலை முடிந்துவிடும் என்ற ஏர் இந்தியாவின் விதியை 1981-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கிராமப்புறப் பின்னணி கொண்ட படைவீரர்கள் பெண் அதிகாரியின் ஆணையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்று ராணுவத்தின் தரப்பில் வைக்கப்பட்ட வாதம் 2020 பிப்ரவரியில் நிராகரிக்கப்பட்டது.

இவையெல்லாம் எழுதி வைக்கப்பட்ட விதிகள், வெளிப்படையாகச் சொல்லப்பட்ட வாதங்கள். எனவே நீதிமன்றத்தில் அவற்றைச் சுட்டிக்காட்ட முடிந்தது. அங்கன்வாடிப் பணியாளரின் நிலை அப்படியல்ல. பெண் என்பதால் குறைத்துக் கொடுக்கிறோம் என்று எந்த அரசாணையும் கூறவில்லை. கூற வேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பணிக்குப் பெண்கள் மட்டுமே எடுக்கப்படுகிறார்கள். குழந்தைக்குச் சோறூட்டுவது, எடை பார்ப்பது, கர்ப்பிணியின் வீடு தேடிச் சென்று விசாரிப்பது எல்லாம் பெண்ணின் இயல்பு, அதற்கு விலை எதற்கு என்ற எண்ணம் வீட்டிலிருந்து புறப்பட்டு அமைச்சகக் கோப்பு வரை வந்து சேர்ந்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களையும், ஆண்கள் 88 நிமிடங்களையும் செலவிடுவதாகக் கூறுகிறது. வீட்டில் இலவசமாகக் கிடைக்கும் உழைப்பை வீதியில் சற்றே கூலி கொடுத்துப் பெற்றுக்கொள்கிறது அரசு.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டபோது, ஓரிரு மணி நேரம் சேவை செய்ய முன்வரும் உள்ளூர்ப் பெண் என்ற கற்பனைக்கு ஓரளவு இடம் இருந்திருக்கலாம். இன்று சுமார் 14 லட்சம் மையங்கள். 20 லட்சத்துக்கும் அதிகமான பணியாளர்கள், உதவியாளர்கள். இவர்களைத் தவிர ஏறத்தாழ 10 லட்சம் ஆஷா பணியாளர்கள். முன்பருவக் கல்வி, சத்துணவு, வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்பு, அத்தனையையும் கைப்பேசியில் "போஷன் டிராக்கர்" செயலியில் பதிவேற்றம் என்று வேலை நீள்கிறது. பல மாநிலங்களில் வாக்காளர் பட்டியல் திருத்தும் வாக்குச்சாவடி நிலை அலுவலரும் இவரே. பகுதிநேரம் என்பது காகிதத்தில் மட்டும்தான்.

பணியாளருக்கான மத்திய அரசின் மதிப்பூதிய அளவு 2018 அக்டோபரில் ரூ.3,000-லிருந்து ரூ.4,500 ஆகவும், உதவியாளருக்கு ரூ.1,500-லிருந்து ரூ.2,250 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதன் பின் பல ஆண்டுகள் அந்தத் தொகை அசையவே இல்லை. மாநிலங்கள் தம் பங்குக்கு எவ்வளவு சேர்க்கின்றன என்பது அந்தந்த முதல்வரின் மனதையும் தேர்தல் நெருக்கத்தையும் பொறுத்தது. தமிழகத்தில் நெடுங்காலமாகவே சிறப்புக் காலமுறை ஊதியம் நடைமுறையில் உள்ளது. வரையறுக்கப்பட்ட முழு ஊதியம் கேட்டு இங்கும் போராட்டங்கள் நடந்தவண்ணம்தான் உள்ளன என்றாலும், மனம் இருந்தால் ஓர் அரசு "ஊதியம்" என்ற சொல்லையாவது பயன்படுத்த முடியும் என்பதற்கு இது சான்று.

நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசியதில்லை. அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்பவர் அல்லர் என்று 2006-ல் கர்நாடக வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரல் 25-ல், குஜராத் பணியாளர்களின் வழக்கில் நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் எஸ். ஓகா அமர்வு வேறு கோணத்தில் பார்த்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டமும் கல்வி உரிமைச் சட்டமும் அரசின் மீது சுமத்தியுள்ள கடமைகளை நிறைவேற்றுபவர்கள் இவர்கள். இவர்கள் பெறும் மதிப்பூதியம் உண்மையில் ஊதியமே. எனவே அப்போது நடைமுறையில் இருந்த பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்றது அத்தீர்ப்பு. இவர்களது பணி நிலைமைகளை மேம்படுத்த அரசு வழிகாண வேண்டும் என்றும் நீதிபதிகள் கூறினர். தொண்டு என்ற திரை அன்றே கிழிந்துவிட்டது. ஆனாலும் அமைச்சகம் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. ஆயுள், விபத்துக் காப்பீடுகள் உள்ளன. 2024 இடைக்கால பட்ஜெட்டில் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு அங்கன்வாடி, ஆஷா பணியாளர்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. 30 லட்சம் பேருக்கு முறையான ஊதியம் என்றால் கருவூலம் தாங்குமா என்ற கேள்வியும் புறக்கணிக்கத்தக்கதல்ல. ஆனால், பணம் இல்லை என்பது வேறு, இது வேலையே இல்லை என்பது வேறு. முன்னதைப் பேசித் தீர்க்கலாம். எத்தனை ஆண்டுகளில், எந்தப் பங்கீட்டில் என்று மாநிலங்களோடு கணக்குப் போடலாம். பின்னதில் பேசுவதற்கு எதுவும் இல்லை.

திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்து, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும் என்று அரசும் தொழிலதிபர்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அமரும் இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013-லேயே பரிந்துரைத்தது. 2015 மாநாட்டுக்குப் பிறகு அந்த மாநாடே பல ஆண்டுகள் கூட்டப்படவில்லை. இடையில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. செயலி வழியே உணவு கொண்டுவந்து தரும் இளைஞருக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் தனி வரையறை தரப்பட்டுள்ளது, வரவேற்க வேண்டியதுதான். குழந்தைக்கு உணவு சமைத்துப் பரிமாறும் பெண்ணுக்கு அப்படி ஒரு தனி வரையறையை அதில் காணோம்.

மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை 2023 செப்டம்பர் 20, 21 என இரண்டே நாள்களில் இரு அவைகளும் நிறைவேற்றின. மக்களவையில் எதிர்த்து விழுந்தவை இரண்டே வாக்குகள். அங்கன்வாடி, ஆஷா பணியாளர்களைத் தொழிலாளி என்ற வரையறைக்குள் கொண்டுவர அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. சட்டத் தொகுப்புகளில் சில வரிகளைச் சேர்த்தால் போதும். அதற்கான திருத்த மசோதாவை அடுத்த கூட்டத்தொடரிலேயே தொழிலாளர் நலத் துறை அமைச்சகம் கொண்டுவர வேண்டும். அதுவரையிலாவது, கௌரவப் பணியாளர்கள் மீது எஸ்மாவைப் பிறப்பிப்பதில்லை என்று மாநில அரசுகள் முடிவெடுக்கட்டும்.